பூஜ்யத்தில் நின்ற முள்

காலை பதினொன்று பத்துக்கு, துறைமுகச் சாலை மீன் ஆலையில், அழுத்தக் காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரின் வடிகட்டிக் கிண்ணத்தை என் மகள் கழற்றினாள். உள்ளே தங்கியிருந்த காற்று அதைப் பிய்த்தெறிய, அது அவள் காதை உரசிக்கொண்டு பறந்தது. பக்கத்துக் கூடத்தில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த நான் ஓடிச் சேர்ந்தபோது, அழுத்தம் காட்டும் கேஜைச் சுட்டிக்காட்டினாள்.

“கேஜ் முள்ளு பூஜ்யத்துலதாம்மா நின்னுச்சு.”

“பாக்காமலே கழட்டிட்டு, கதை சொல்லுதா” என்றார் மேலாளர். அவள் வேலை போய்விடும் போலிருந்தது.

முன்பு அந்த டிரையரைப் பொருத்திய மெக்கானிக் மாலையில்தான் வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. கிண்ணத்தை மாட்டி, காற்றை ஏற்றி, காற்று வரும் வால்வை அடைத்தார். வடிகுழாயை லேசாகத் திறந்து அதன்முன் துண்டைப் பிடித்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. முள் பூஜ்யத்தில் நிற்க, துண்டு படபடத்தது.

“உப்புக்காத்துல முள்ளு ஒட்டிக்கிடும். நான் துண்டத்தான் நம்புவேன்” என்றவர், மேலாளரிடம் திரும்பினார். “பிள்ள பொய் சொல்லலய்யா.”