மதினி ஓடிய தூரம்

பட்டாசு ஆலையில் புது அறை கட்டுவதற்கு முன்னால் என்ஜினியரம்மா மதினியை ஓடச் சொன்னார். மதினி என் அண்ணன் மனைவி. முழங்கால் வலிக்காரி. ஆலையில் வேலை பார்க்கும் எங்கள் பெண்களில் அவள்தான் மெதுவாக ஓடுவாள். அதனால்தான் அவளைக் கூப்பிட்டார்.

நாரணாபுரத்தில் ஆடி மேல்காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். அறைக் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை, படீர் படீரென்று அடிக்கும். வெடிமருந்தில் மண் விழுந்தால் உரசும், உரசினால் தீ. அதற்குப் பயந்து மதினி மேற்குக் கதவைச் சாத்தி, உள்ளே சேலைக் கிழிசலால் கட்டிவிடுவாள். தீப்பிடித்தால் ஓடத்தான் அந்தக் கதவு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் காற்று தினமும் வந்தது. தீ வரவில்லை.

கிழிசலைப் பார்த்த என்ஜினியரம்மா திட்டவில்லை. புது அறைக்கு மேற்கே, தள்ளி, காற்றை மறிக்க ஒரு சுவர் என்றார். கூரைக்கு லேசான தகடு. வெடித்தால் விசை மேலே போய்விடும்.

"உசுரு தப்பி ஓடியாந்து செவத்துல மூக்க ஒடச்சுக்கிடவாம்மா கட்டுறீக?" என்றாள் மதினி.

"ஓடிக் காட்டுங்க. நீங்க திரும்ப எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுறேன்."

மதினி சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். "பஸ்ஸு போயிருச்சு மதினி, மெதுவா வாங்க" என்று சிரித்தோம். அவள் திரும்பிய இடத்துக்கு அப்பால் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. அதில் சுவர் எழும்பியது.

புது அறையில் மேற்குக் கதவு அடங்கியது. சித்திரையில் ஒரு நாள் மழைக்காற்று கிழக்கிலிருந்து வந்தது. மதினி கிழக்குக் கதவைக் கட்டினாள். சற்று நேரத்தில் மின்னியது. இடியென்றால் அறையில் இருக்கக் கூடாது. போர்மேன் விசில் ஊத, மேற்கு வாசல் வழியாக ஓடி வந்தோம். இரண்டு பெண்கள் வரவில்லை. பதற்றத்தில் கிழக்குக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கன இல்லடி, கட்டிருக்கேன்!"

மதினி திரும்பி உள்ளே போனாள். நான் கையைப் பிடித்தேன். உதறினாள். இருவரையும் சடையைப் பிடித்து இழுத்து வந்தாள். சுவரைச் சுற்றித் திரும்பினார்கள். அப்போது இடி விழுந்தது. அறை வெடித்துக் கூரை மேலே போனது. சுவர் நின்றது. மூவரும் அதன் பின்னால் கிடந்தார்கள்.

உயிர் இருந்தது. மதினிக்குக் காது போனது.

என்ஜினியரம்மா பார்க்க வந்தபோது மதினி கத்திச் சொன்னாள்: "ஒங்க செவரு நின்னுச்சும்மா. கதவக் கட்டுனது நாந்தான்."

"ஒரு பக்கக் காத்துக்கு மட்டும் கட்டினது நான்" என்றார் அவர். மதினிக்கு அது கேட்கவில்லை.

இப்போது அறைகளுக்கு நாலு பக்கமும் தள்ளித் தள்ளிச் சுவர் இருக்கிறது. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். மதினி வீட்டோடு இருக்கிறாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது காற்றில் அவள் வீட்டுக் கதவு அடிக்கும். எனக்கு மட்டும் கேட்கும். எழுந்து தாழ்ப்பாள் போட எனக்குக் கை வருவதில்லை.