பதினோராவது குரூப்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகட்டும். இது நடந்தது. எனக்குப் பக்கத்து மேஜையில் நடந்தது. பேய் என்றால் நடுநிசியும் சுடுகாடும் சலங்கைச் சத்தமும் வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதெல்லாம் இங்கே கிடையாது. நடந்தது பட்டப்பகலில். வியாழக்கிழமை, நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை. மூன்றாவது மாடி, அறை எண் 307.

நான் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் தேர்வுப் பிரிவு கிளார்க். பக்கத்து மேஜை டைம்டேபிள் அக்காவுடையது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பதினேழு வருஷத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்து வருஷப் படிப்பு, வருஷத்துக்கு நூற்றிருபது பேர். பெரிய வகுப்பு என்றால் எல்லோரும் ஒரே ஹாலில் உட்காருவார்கள். டுடோரியல் என்றால் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்துப் பத்து குரூப். எந்தக் குரூப்புக்கு எந்த ஆசிரியர், எந்த அறை, எந்த மணி என்று யாரும் யாரோடும் முட்டிக்கொள்ளாமல் போட வேண்டும். ஒரு பேராசிரியருக்குக் காலை எட்டு மணி ஆகாது. இன்னொருவருக்கு வெள்ளிக்கிழமையே ஆகாது. இத்தனை பேரையும் கட்டி மேய்த்தது அக்கா ஒருத்தர்தான்.

ஒரே மணியில் இரண்டு வகுப்பு விழுந்தால் அதற்குக் கிளாஷ் என்று பெயர். "கிளாஷ் ஆகுது மேடம், குரூப் மாத்திக் குடுங்க" என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதல் இரண்டு வாரம் அக்கா முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். அதற்கு மேல் வந்தால் ஒரே பதில்தான்.

"ரெண்டாவது வாரத்துக்கு மேல மாத்த முடியாதும்மா."

தலையை நிமிர்த்தாமல் சொல்வார். அக்கா கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளையை நகர்த்தினால் நாற்பது பிள்ளைகள் நகர வேண்டியிருக்கும், அவர் பாடு அப்படி. பிள்ளைகள் கான்டீனில் அதே குரலில் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அக்காவின் மகளே சொல்லிக் காட்டுவாள். அவளும் எங்கள் துறையில்தான் இரண்டாம் வருஷம் படித்தாள். பத்தொன்பது வயதாகியும் எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அப்பா இல்லாத பிள்ளை. அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்ததே அவளுக்காகத்தான்.

எங்கள் தொழிலில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. நல்ல அறை ஒரு மணி நேரம் காலியாகத் தெரிந்தால் வேறு துறைக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். அதனால் இல்லாத குரூப் ஒன்றை உண்டாக்கி, அந்த அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். டம்மி குரூப். டைம்டேபிள் போடுகிற எல்லோரும் செய்வதுதான். அந்த வருஷம் அக்கா பதினோராவது குரூப் என்று ஒன்றைப் போட்டார். 307, வியாழன், நாலு மணி. ஆசிரியர்: பின்னர் அறிவிக்கப்படும்.

ஒரு ரோல் நம்பராவது இல்லாமல் கம்ப்யூட்டர் குரூப்பை ஏற்காது. படிப்பை விட்டுப் போன யாருடையதையாவது போடுவது வழக்கம். அக்காவின் விரல் தானாக ஒரு நம்பரை அடித்தது. 0417. யாருடையது என்று அவருக்கு ஞாபகமில்லை. பழைய நம்பர், அவ்வளவுதான்.

அவசரத்தில் இரண்டு பெட்டிகளைக் கவனிக்கவில்லை. எத்தனை பேர் சேரலாம் என்ற பெட்டியில் ஒன்று என்று திருத்தியிருக்க வேண்டும். அது பன்னிரண்டு என்றே நின்றது. எந்த வாரத்தோடு வகுப்பு முடியும் என்ற பெட்டி காலியாகக் கிடந்தது.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, காலை 9.10. பியூன் அண்ணன் அட்டெண்டன்ஸ் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். அடுக்கிக்கொண்டே வந்த அக்காவின் கை நின்றது. பதினோராவது குரூப்பின் தாள் அது. டம்மிக்கு வரும் தாளை அக்காவே கிழித்துப் போட்டுவிடுவார். முந்தின நாள் காலையில் கிழித்ததும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இதோ முழுசாக இருக்கிறது. 0417க்கு நேராகப் பொடி எழுத்தில் ஒரு கையெழுத்து.

"தம்பி, உங்க விளையாட்டா இது?"

"எனக்கு வேற வேலை இல்லையாக்கா?"

சிரித்துக்கொண்டோம். சிரித்திருக்கக் கூடாது.

நாலாவது வாரம், வியாழன், 4.20. என்னதான் நடக்கிறது என்று பார்க்க அக்கா பியூன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். 307 பூட்டியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்... கடக்... கடக்... அண்ணன் பூட்டைத் திறந்தார். பதினொரு நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. ஒன்று மட்டும் முன்வரிசையில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலச் சூடாக இருந்தது. கரும்பலகையில் ஒரே ஒரு எண்.

74.

"யாருண்ணே எழுதினது?"

"காலைலதான் துடைச்சேன்." அண்ணன் வாசற்படியைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த மாடிக்குச் சாவியைக் கொடுத்தனுப்புவாரே தவிர, தானாக ஏறியதில்லை.

ஐந்தாவது வாரம், வெள்ளி, 9.10. தாளில் இரண்டு கையெழுத்து. முதலாவது 0417. இரண்டாவதைப் பார்த்ததும் அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூன்று வயதிலிருந்து தான் கைப்பிடித்து எழுதப் பழக்கிய எழுத்து அவருக்குத் தெரியாதா?

பாப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மூட் கோர்ட் வாதப் பயிற்சியோட கிளாஷ் ஆச்சும்மா. கம்ப்யூட்டர்ல மாற்றுன்னு ஒரு பட்டன் வந்துச்சு, அதை அழுத்தினேன். பதினொண்ணுல இடம் இருக்குன்னு வந்துச்சு. போனேன்."

"அங்க யாரு இருந்தா?"

"ஒரு அக்கா. என்னைவிடப் பெரியவங்க. டீச்சர் இன்னும் வரலை. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணுமாம், இல்லைன்னா அட்டெண்டன்ஸ் போயிடுமாம்."

அன்று மதியம் 2.15க்கு அக்கா பாப்பாவைக் குரூப்பிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்டது என்று திரையில் வந்தது. 2.40க்குப் பார்த்தால் பாப்பாவின் நம்பர் மறுபடி அங்கேயே. குரூப்பையே அழித்தார். திரும்ப வந்தது. அறையை மாற்றினார். தாளில் 307 என்றுதான் அச்சாகியது. டீனிடம் போனோம். "கம்ப்யூட்டர்காரங்ககிட்ட சொல்லுங்கம்மா" என்றார். கம்ப்யூட்டர்காரர்களுக்கு அப்படி ஒரு குரூப்பே கண்ணில் படவில்லை.

அதைவிட மோசமான ஒன்று என் மேஜைக்கு வந்தது. மற்ற வகுப்புகளின் தாள்களில் பாப்பாவுக்கு வரிசையாக ஆப்சென்ட். திங்கள் குற்றவியல் சட்டம், ஆப்சென்ட். செவ்வாய் ஒப்பந்தச் சட்டம், ஆப்சென்ட். ஆனால் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தச் சட்டப் பேராசிரியரை மடக்கிக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? வர்றதே இல்லையேப்பா."

அவர் அதைச் சொன்னபோது பாப்பா அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆறாவது வாரத்தில் அவளுடைய தோழிகள் அவளைக் கடந்து போனார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கான்டீன்காரர் அவளுக்கு டீ கொடுக்க மறந்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

ஏழாவது வாரம், வியாழன். பாப்பாவை என் மேஜைக்கு எதிரில் உட்கார வைத்தார் அக்கா.

"அஞ்சு மணி வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க தம்பி."

"நீங்க எங்கக்கா போறீங்க?"

"கேட்டுப் பாக்கறேன்."

3.52க்கு மாடி ஏறினார். நான் பாப்பாவுக்கு டீ வாங்கி வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4.00. மணி அடித்தது.

பாப்பா என் எதிரில்தான் இருந்தாள்.

4.03. என் மேஜைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. கடக்... கடக்... மின்விசிறிச் சத்தம்.

வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி. டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியபடி சாத்தியிருந்தது.

எப்படி மூன்று மாடி ஏறினேன் என்று தெரியாது. 4.06.

307 திறந்திருந்தது. அக்கா தரையில் முட்டி போட்டிருந்தார். முன்வரிசையில் இப்போது இரண்டு நாற்காலிகள். ஒன்றில் யாருமில்லை. இன்னொன்றில்... பாப்பா. குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, எழுந்து வா!"

தோளைப் பிடித்து இழுத்தேன். பனிக்கட்டி. அசைக்க முடியவில்லை.

"கிளாஸ் முடியலை மாமா."

காலி நாற்காலி என் பக்கம் திரும்பியது. கிரீச்... என்று. மெதுவாக.

நான் ஓடிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஓடிவிட்டேன்.

5.00க்குப் பாப்பா தானாக இறங்கி வந்தாள். பின்னால் அக்கா வந்தார். கேட்டீங்களா, என்ன சொன்னாள் என்றேன். அக்கா வாய் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, அடுத்த நாளும் திறக்கவில்லை.

செமஸ்டர் முடிந்தது. எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பது நான்தான். பாப்பாவின் நம்பரை நான் அடிக்கவே இல்லை. சத்தியமாக அடிக்கவில்லை. அச்சாகி வந்தபோது முதல் வரியில் இருந்தது. பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலம் பாப்பா வீடு போய்ச் சேரவில்லை. போலீஸ் தேடியது. நாங்கள் தேடினோம். இன்றுவரை இல்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் பழைய கோப்பு அறையில் 0417ஐத் தேடும் புத்தி எனக்கு வந்தது. முன்னாலேயே தேடியிருக்க வேண்டிய மடையன் நான். நாலு வருஷத்துக்கு முந்தைய கோப்பு. இரண்டாம் வருஷ மாணவி. உள்ளே ஒரு விண்ணப்பம் இருந்தது. வியாழக்கிழமை நாலு மணிக்கு இரண்டு வகுப்புகள் விழுகின்றன, தயவுசெய்து வேறு குரூப்புக்கு மாற்றித் தரவும். தேதி, செமஸ்டரின் மூன்றாவது வாரம். அதற்கு அடுத்த தாளில் அவளுடைய வருகைக் கணக்கு. 74 சதவீதம். ஹால் டிக்கெட் மறுக்கப்பட்டது. அதற்கும் அடுத்த தாள் அவளுடைய அப்பா எழுதியது. பட்டியல் ஒட்டிய அன்று போன என் மகளின் உடல் ஒன்பதாம் நாள் கிடைத்தது, அவளுடைய சான்றிதழ்களைத் திருப்பித் தரவும் என்று இரண்டே வரி. கீழே எங்கள் அலுவலகக் குறிப்பு: படிப்பிலிருந்து நீக்கம்.

விண்ணப்பத்தின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி எழுதி, சுருக்கொப்பம் போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த கை.

அக்காவின் முன்னால் வைத்தேன். அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு 307ல கேட்டீங்களே தம்பி, என்ன சொன்னான்னு."

"சொல்லுங்கக்கா."

"என் பொண்ணை விட்டுடும்மான்னு கால்ல விழுந்து கேட்டேன்." அந்தப் பச்சை வரியின்மேல் விரலை வைத்தார். "இதைத்தான் சொன்னா. தலையைக்கூட நிமிர்த்தலை."

இரண்டாவது வாரத்துக்கு மேல் மாற்ற இயலாது.

ஆறு வருஷமாகிவிட்டது. பாப்பாவோடு சேர்ந்தவர்கள் இப்போது கோர்ட்டில் வாதாடுகிறார்கள். 307ஐப் பூட்டி ஆணி அடித்துவிட்டார்கள். அக்கா மட்டும் வியாழன்தோறும் 3.52க்கு மாடி ஏறி, அந்தக் கதவுக்கு வெளியே ஐந்து மணிவரை நிற்கிறார். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்குமாம். கதவு திறந்ததில்லை.

வெள்ளிக்கிழமை 9.10க்குத் தாள் வருகிறது. இரண்டு கையெழுத்து. முடியும் வாரம் என்ற பெட்டி இன்றும் காலிதான். எதை அடித்தாலும் ஏற்பதில்லை.

போன வாரம் புதுப் பிள்ளைகளுக்கு டைம்டேபிள் திறந்துவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்தேன். பதினோராவது குரூப்புக்கு நேராகப் பச்சை எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

காலி இடம்: 10.