ஆறாவது அமாவாசை ஊசி

எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் தறி ஓயும் நாள் அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு. இதைக் கவனித்து ஊசிக்கு நாள் குறித்த ஒரே ஆள் நர்சம்மாதான். அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் முகாம் என்று பேனர் கட்டி, வேலை நாளில் வந்து ஈ ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி அப்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்தது. விலை கேட்டால் நெசவாளிக்கு மயக்கம் வரும். நர்சம்மா வேலை பார்த்த கிளினிக்கின் டாக்டரம்மா யார் யாரிடமோ பேசி, எங்கள் தெருவில் பதினான்கு பெண் பிள்ளைகளுக்கு அதை இலவசமாகப் போட ஏற்பாடு செய்திருந்தார். மொத்தம் மூன்று ஊசி.

சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். முக்கால்வாசி வீட்டில் அந்த ஆள் மகள்தான். ஊசி போட்டுக் கை வலித்தால் தறி நின்றுவிடும். அதனால் முதல் ஊசி ஒரு அமாவாசையில், அடுத்தது அதிலிருந்து இரண்டாவது அமாவாசையில், கடைசி ஆறாவது அமாவாசையில் என்று நர்சம்மா சொல்லிவிட்டார்.

"ஒண்ணு போட்டா போதாதா?" என்று யாரோ கேட்டதற்கு, "தறியில ஏத்தற ஒரு பாவுல மூணு சேலை. ஒண்ண அறுத்துட்டு மீதிய அப்பிடியே வுட்டுருவியா மா?" என்றார்.

எங்கள் வீட்டில் மட்டும் இந்த ஊசிக்கு வேறு ஒரு கனம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு அதே நோய் வந்திருந்தது. தீட்டு நின்று வருஷமான பிறகும் கறை படுகிறது என்று அம்மா கிளினிக்குக்குப் போனபோது, கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் நர்சம்மா. ஆபரேஷன் ஆயிற்று, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், அம்மா பிழைத்தாள். தெருவுக்குச் சொன்னது என்னவோ 'வயித்துல கட்டி'. இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வாள்? 'அந்த இடத்து' நோய் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் எவன் பெண் எடுப்பான்? அக்காவுக்கு வேறு ஊசி போட்ட வருஷம்தான் ஓரிக்கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டாவது ஊசியின்போது எதிர்வீட்டுப் பெண் மயங்கி விழுந்தாள். காலையில் ஒரு வாய்கூடத் தின்னாமல் வந்திருந்தாள், கழுதை. நர்சம்மா காலைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் தெளித்து, இட்லி ஊட்டி அனுப்பினார். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆறாவது அமாவாசை வருவதற்குள், அது பிள்ளை பிறக்காமல் செய்கிற ஊசி என்று தெரு முழுக்க முடிவாகிவிட்டது.

அன்று காலை நர்சம்மா ஐஸ் பெட்டியோடு பஜனைக் கோயில் மண்டபத்துக்கு வந்தபோது என்னைத் தவிரப் பெண் பிள்ளை ஒருத்தியும் வரவில்லை. அம்மாக்கள்தான் வந்தார்கள், சண்டைக்கு. நானும் என் அம்மாவும் தூணோரம் நின்றோம். எதிர்வீட்டுப் பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நாளைக்கு எம்பொண்ணுக்குப் புள்ள இல்லன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"அவ பட்டினியா வந்தா மா. அதான் மயக்கம். ஊசியால இல்ல."

"நோயி நோயின்றியே, இந்தத் தெருவுல அது வந்த ஒருத்தியக் காட்டு. காட்டு பாக்கலாம்!"

நர்சம்மா நிமிர்ந்தால் அம்மாவைத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு கிட்டத்தில் நின்றோம். அவர் நிமிரவே இல்லை. பெட்டி மூடியைத் துடைத்தபடி, "வந்தவங்களக் காட்டறது என் வேலை இல்ல மா. வராம பாத்துக்கறதுதான்" என்றார். "காசு வாங்கிக்கினு வந்துட்டா, பேச்சப் பாரு" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி இங்கே எழுத முடியாததைச் சொன்னாள். ஒரு வார்த்தையில் எல்லார் வாயையும் அடைக்கலாம், அந்த வார்த்தை அவர் கையில் இருக்கிறது, ஆனாலும் திட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றார். அப்படி ஒரு மனுஷியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அம்மா என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள்.

"அவங்கள இன்னாத்துக்குத் திட்டற? என்னப் பாரு. எனக்கு வந்தது கட்டி இல்ல. இதே நோயிதான். இந்த ஊசி எங்காலத்துல இருந்திருந்தா நான் அந்த வேதனப் பட்டிருக்க மாட்டேன்."

எதிர்வீட்டுப் பெரியம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். மகளைத் தரதரவென்று இழுத்துவந்து, "நீட்டுடி கைய. சாப்டாச்சு, சாப்டாச்சு, ரெண்டு தோச தின்னா" என்றாள். மதியத்துக்குள் பதினான்கு பேரும் போட்டுக்கொண்டோம். கிளம்பும்போது நர்சம்மா அம்மாவின் தோளைத் தொட்டார். அழுதுவிட்டார்.

நான் அன்று சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். "ஊரக் காப்பாத்திட்ட, சரி. அக்கா வாழ்க்கைக்கு இன்னா பண்ணுவ?" அக்கா ஒரு பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அப்பா மறுநாள் தறியில் உட்கார்ந்தார், நாடாவை எடுத்தார், வைத்தார், எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஓரிக்கையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். தனியாக, ஷேர் ஆட்டோவில். கையில் பழமில்லை, பூவில்லை. நான் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். என் நாக்கைப் பிடித்து நிறுத்தப் பெரும்பாடு பட்டேன்.

"கேள்விப்பட்டேன்" என்றாள்.

"ஆமா சம்மந்திம்மா. மறச்சது எங்க தப்புதான்" என்றாள் அம்மா. "உங்க இஷ்டம் எதுவோ, அப்பிடியே செய்யுங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "கதவச் சாத்து மா" என்றாள். சாத்தினேன். பிறகு அம்மாவுக்கு மிகப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். குரல் பாதிதான் வந்தது.

"உங்களுக்கு மொதல்ல எப்பிடி ஆரமிச்சுது?"

அம்மா சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மாள் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் நாலு மாசமா அப்பிடித்தான் இருக்குது. எம்புள்ளைக்குக்கூடத் தெரியாது. யாரப் போயி கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்."

அம்மா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். பிடித்த கையை விடாமலே வாசலுக்கு வந்து, நர்சம்மாவின் கிளினிக்குக்கு என்னை ஆட்டோ கூப்பிடச் சொன்னாள்.