பொலிக்கு எந்த இங்கிலீஷ்?

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில், சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் நான் இங்கிலீஷ் படித்தேன். முப்பத்தொரு வயதில்! கூடப் படித்ததெல்லாம் ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பள்ளிப் பிள்ளைகள். என்னை 'அன்ட்டி' என்பார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அதைவிடப் பற்றிக்கொண்டு வந்தது இங்கிலீஷ் வினைச்சொற்கள்தான். ஒருவன் வாயைத் திறந்தால் ஸே, டெல், ஸ்பீக், டோக் என்று நாலு சொல் வந்து நிற்கும். கண்ணைத் திறந்தால் ஸீ, லுக், வொட்ச் என்று மூன்று.

"ஒரு வேலைக்கு எதுக்கு டீச்சர் நாலு பேரு?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

டீச்சர் வாயைத் திறக்குமுன் பின்வரிசைப் பிள்ளை ஒன்று பதில் சொன்னது: "அப்ப தமிழ்ல சொல்றது, பேசுறது, ஏசுறது எல்லாம் ஒண்ணா அன்ட்டி?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய. அன்றிலிருந்து ஒரு கொப்பியில் இந்தச் சொற்களைக் குடும்பம் குடும்பமாக எழுதத் தொடங்கினேன். தோட்டத்து லயத்தில், ஒரே வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் மாதிரி அந்தச் சொற்கள். சுவர் ஒன்று, அடுப்பு வேறு.

இந்த வயதில் இவ்வளவு பாடு எதற்கு என்றால், வேலைக்காக. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மலையையும் மெஷினையும் காட்டி விளக்க ஆள் எடுத்தார்கள், நானும் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார் மெனேஜர். சரிவராவிட்டால் மறுபடியும் கொழும்புத் துணிக்கடைக்குத்தான் போக வேண்டும். ஏழு வருடம் அங்கே நின்றே கால் வீங்கியவள் நான். வருடத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மா முகத்தைப் பார்த்தவள். இனி முடியாது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாதக் கடைசியில் மெனேஜரே என் பின்னால் வந்தார், நான் விளக்குவதைக் கேட்க. அன்றைக்கு வந்தவர்கள் ஏழு பேர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, மறுபடி துளிர்த்திருந்த மலையில் அன்றுதான் முதல் கொழுந்து எடுக்கிறார்கள். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். எந்த மலையிலும் முதல் கொழுந்தைக் கிள்ளும்போது பொலி சொல்வது எங்கள் வழக்கம். பொலி என்றால் பெருகுவது, நிறைவது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எடுத்துக் கொடுப்பது எப்போதும் அம்மாதான். அவளுடைய தொண்டை அப்படி.

"பொலியோ பொலி!" என்றாள். எதிர் மலை திருப்பிச் சொன்னது. நாற்பது பெண்களும் சேர்ந்தார்கள். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா கையில் கொப்பியோடு என்னைப் பார்த்து, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

"தே..." என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை.

ஷௌட் என்றால் சண்டை போலாகிவிடும். ஸ்க்ரீம் என்றால் சிறுத்தை வந்துவிட்டது என்று ஏழு பேரும் வேனுக்கு ஓடுவார்கள். சிங் என்று சொல்ல ராகம் வேண்டும், அம்மாவிடம் அது சல்லிக்கும் கிடையாது. ப்ரே சொல்லலாம், ஆனால் அதில் சாமி பேரே இல்லை. ஸே போதும் என்பவன் என் அம்மாவின் குரலைக் கேட்டிருக்க மாட்டான்.

பின்னாலிருந்து மெனேஜர் மெதுவாக எடுத்துக் கொடுத்தார்: "பெக். தே பெக்."

பிச்சை கேட்கிறார்களாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நோ சேர்! நொட் பெக்!" என்று அத்தனை பேர் முன்னிலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ஐயோ, வேலை போச்சு என்று உறைத்தது. போனது போகட்டும் என்று அந்த வெள்ளைக்கார அம்மாவிடம் திரும்பி, "தே கோல்," என்றேன். நிறைவு என்று ஒன்று இருக்கிறது, அதை வா என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன்.

"கூப்பிட்டால் வருமா?" என்று கேட்டார் அவர்.

அதை அம்மாவிடமே கேட்டேன். அவள் கை நிற்காமல் கிள்ளிக்கொண்டே, "வராம எங்க போயிரும்? நாங்க கூப்புட்டா வந்துதான் ஆகணும்னு சொல்லு," என்றாள். சொன்னேன். ஏழு பேரும் கைதட்டினார்கள். கொப்பிக்கார அம்மா தானும் ஒருமுறை பொலி என்று கத்திப் பார்த்தார். பெண்கள் கூடை குலுங்கச் சிரித்தார்கள்.

வேன் போனதும் மெனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"பெக்னு சொன்னா என்ன தப்பு? அவ்வளவு கோவம் வந்துச்சே," என்றார்.

"அந்தச் சத்தம் போட்டது எங்கம்மா சேர்," என்றேன்.

"நான் இங்க வந்த நாள்லருந்து எல்லாக் கைடும் அப்பிடித்தான் சொல்றாங்க. நானும் அதையேதான் சொன்னேன்," என்றார். பிறகு, "மத்த ரெண்டு கைடுக்கும் நீங்களே சொல்லிக் குடுங்க. நிரந்தரக் கடிதம் திங்கக்கிழமை கையில தாறேன்," என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் ஆபீஸ் படியில் இறங்கும்போது அழுகை வந்தது. எத்தனை வருடமாக எத்தனை பேர் போட்டோ எடுத்துக்கொண்டு, பிச்சை கேட்கிறவர்கள் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்! அம்மாவும் ஒன்றும் தெரியாமல் ஒவ்வொருவருக்கும் சிரித்திருக்கிறாள்.

சாயங்காலம் வேலை நிரந்தரமான செய்தியை அம்மாவிடம் சொன்னேன். அதை வாசலில் நின்றே லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டு உள்ளே வந்தாள். பெக் கதையை நான் சொல்லவில்லை.

"அது சரி, அவங்ககிட்ட எங்களப் பத்தி என்னடி சொன்ன?" என்றாள்.

"நீங்க கூப்புட்டா பொலி வந்துதான் ஆகணுமாம்னு சொன்னேன்."

"பின்ன?" என்றாள் அம்மா.