ரேஸ் வாரத்து மழையும் என்ர சந்தேகங்களும்

சைக்கிள் திருத்துறவனிட்ட ஆட்கள் சைக்கிளைத்தான் கொண்டு வருவினம் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான்; ரேஸ் நெருங்கினால் சைக்கிளோடு சந்தேகத்தையும் கொண்டுவந்து கடையில இறக்கிப்போட்டுப் போவினம், அதுவும் மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். கலியாணத்துக்கு முதல் நாள் பிளவுஸ் தைச்சுக் குடுக்கிற அக்காமார், திருவிழாவுக்கு லைட் கட்டுற தம்பிமார், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் என்னைப்போலப் பாவப்பட்ட ஆட்கள்தானே.

என்ர கடை திருகோணமலையில, துறைமுகப் பக்கம் போற ரோட்டில இருக்கு. மாரி தொடங்க முதல் முடிச்சிடலாம் என்று, துறைமுகத்துக்கு மேல இருக்கிற காட்டு மேட்டில மலைச் சைக்கிள் ரேஸ் ஒன்று வைச்சவை. என்டியூரோ என்று பேர். மேட்டில ஏறுறதுக்கு நேரம் எண்ணமாட்டினம், இறங்குறதுக்கு மட்டும்தான் எண்ணுவினம். ஐஞ்சு இறக்கம், எல்லாத்தையும் கூட்டிப் பார்த்து ஆருக்குக் குறைஞ்ச நேரமோ அவருக்கு வெற்றி. ஞாயிற்றுக்கிழமை ரேஸ். அதுக்கு முதல் வந்த திங்கட்கிழமை விடியவே மழை பிடிச்சிட்டுது. மாதக்கணக்காப் புழுதியில ஓடிப் பழகின எங்கட ஆட்களுக்குச் சேத்தைக் கண்டதும் மண்டை கலங்கிப் போச்சு. எனக்கும்தான்.

பேர்களை மாத்தித்தான் எழுதுறன். ஏன் என்று போகப் போக விளங்கும்.

ஆருடைய போன் உண்மை சொல்லுது?

முதல் வந்தவர் கிண்ணியா ரிஸ்வான். நாற்பது வயசுக்கு மேற்பட்டவையின்ர பிரிவில ஓடுறவர். நனைஞ்சபடி வந்து, தலையைத் துடைக்கவுமில்லை, போனை என்ர மூக்குக்கு நேரே நீட்டினார். கிழமை முழுக்க வெயில் என்று காட்டிச்சு. நான் என்ர போனை எடுத்துக் காட்டினன். ஞாயிறு வரைக்கும் மழை. அவர் என்ர போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் ஏதோ தில்லுமுல்லு செய்து வைச்சிருக்கிறன் என்ற மாதிரி. எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. அவற்ற போனைப் பறிச்சுப் பார்த்தால், தம்பி வேலை செய்யிற டோஹாவின்ர வானிலை! ஓட்டுக்கு மேல மழை கொட்டுற சத்தத்தில நாங்கள் ரெண்டு பேரும் கத்திக் கத்திக் கதைக்கிறம், மனுசன் டோஹா வெயிலைக் காட்டி என்னோட வாதாடுறார்.

பிறகு சல்லி என்ற கரையோர ஊரில தனக்குத் தெரிஞ்ச கடற்தொழிலாளி ஒருவருக்கு எடுத்துக் கேட்டார். மழை விடாது, சேத்துக்கு ஏத்த டயரைப் போடு என்று அந்தப் பக்கத்தில இருந்து பதில் வந்துது. சரி, இதோட முடிஞ்சுது என்று நான் டயரை எடுக்கப் போக, ரிஸ்வான் யோசிச்சுக்கொண்டு நிண்டார். "கடல்காரன் மழை எண்டா மழைதான் அண்ணன், ஆனா அவன்ட மருமகனும் ரேஸ் ஓடுறான், அதுதான் டயரை மாத்தச் சொல்றானோ எண்டு யோசிக்கிறன்."

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

சேத்தில ஓடேக்க டயருக்குக் காத்தைக் கொஞ்சம் குறைக்கோணும். அப்பதான் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சிக் குறைச்சால் கல்லில ரிம் அடிபடும். இதில என்ன பெரிய இரகசியம் இருக்கு? ஆனால் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு பேர், ஒருத்தர் போய் ஒருத்தர் வந்து, கடையில வேற ஆட்கள் இல்லையே என்று எட்டிப் பார்த்து, என்ர காதுக்குள்ள காத்தின்ர அளவா ஒரு எண்ணைச் சொன்னவை. நாலு பேரும் சொன்னது இருபத்திரண்டு. நாலு பேரும் சத்தியம் வாங்கினவை.

நாலாவது ஆள் வங்கியில வேலை செய்யிற சுதன். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. மற்ற மூன்று பேரும் இதே அளவுதான் தம்பி, பயப்படாமல் ஓடுங்கோ என்று ஆறுதலுக்குச் சொல்லிப்போட்டன். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவன்ர முகம் கறுத்துப்போச்சு. "மூண்டு பேருக்கும் என்ர அளவு எப்பிடித் தெரியும் அண்ணை, நீங்கள் ஒரு ஆள்தானே எல்லாற்ற சைக்கிளையும் தொடுறனீங்கள்?"

மலையில இருந்து வந்தவை

புதன்கிழமை ஹட்டன் பக்கத்தில இருந்து மூன்று பேர் வந்திறங்கினவை. ஒரு பெடியன், ஒரு பொம்பிளைப் பிள்ளை, அவைக்குப் பொறுப்பா குமார் என்று ஒருவர். பிறந்ததில இருந்து மழையிலயும் வழுக்கலிலயும் ஓடுற ஆட்கள். தண்ணிக் குழாய் கேட்டு என்ர கடைக்கு வந்தவை. நான் குழாயைக் குடுத்துப்போட்டு, பஞ்சர் ஒட்டுற மாதிரிக் குனிஞ்சிருந்து, கண்ணை அவையிலயே வைச்சிருந்தனான். குமார் பையில இருந்து ஒரு போத்தலை எடுத்து, சைக்கிளின்ர அடிப்பக்கத்துக்கு எதையோ விசிறினார். பிறகு அவசர அவசரமாப் போத்தலை உள்ளுக்க வைச்சார். ஆகா, அகப்பட்டிட்டாங்கள் என்று நினைச்சன்.

அவை அங்கால போனதுதான் தாமதம், கடையில நிண்ட எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினன்: மலைக்காரர் என்னவோ பூசுறாங்கள், எங்கட பிள்ளையளும் பூசாட்டில் தோல்விதான்! அந்த நேரம் கடையில டிலானி நிண்டவள். இருபத்திரண்டு வயசு. திருகோணமலையில இருந்து பெண்கள் பிரிவில ஓடுறது அவள் ஒருத்திதான். தகப்பன் அந்தோனி அண்ணை போட் எஞ்சின் திருத்துறவர். அவருக்கு மகள் சைக்கிள் ஓடுறது கண்ணிலயும் காட்டக்கூடாது. ரெண்டு வருசமாச் சண்டை பிடிச்சு, கடைசியில ஒரு நிபந்தனையில விட்டவர். இந்த ரேஸில, இல்லை பழகேக்க, எங்கயாவது விழுந்து காயம் பட்டால் அதோட சைக்கிளை விக்கிறது. அவளும் ஓம் என்று சொல்லிப்போட்டாள். அண்டைக்கு மகளைக் கூட்டிப்போக வந்தவர், மழைக்கு என்ர கடைத் தாழ்வாரத்தில ஒதுங்கி நிண்டார். வழமையா ரோட்டில நிண்டு ஹோர்ன் அடிக்கிறதோட சரி, என்ர கடைப்படி மிதிக்கமாட்டார். நான் போத்தல் கதையைச் சொல்லச் சொல்ல, டிலானி சிரிச்சாள். "விடுங்கோ மாமா, அவையள் தேங்காயெண்ணெய் பூசினாலும் நான்தானே இறங்கோணும்."

பிரேக் பிடிக்கேல்லை

வியாழக்கிழமை டிலானியின்ர சைக்கிளை முழுக்கக் கழட்டிப் பூட்டிக் குடுத்தனான். பிரேக்கை நானே ரோட்டில ஓடிப் பார்த்தனான், கல்லு மாதிரி நிண்டுது. வெள்ளிக்கிழமை காலமை அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாறாள். முகத்தில, நாடியில வெட்டு, முழங்கை முழுக்கச் சேறு. விடியப் பழகப் போன இடத்தில, மூன்றாவது இறக்கத்தில பிரேக் பிடிக்காமல் பத்தைக்குள்ள போய் விழுந்திருக்கிறாள். மழைக்குக் கொஞ்சம் மெத்தனமாத்தான் பிடிக்கும் என்று நினைச்சு இறங்கிப்போட்டன் மாமா என்றாள். அந்தப் பத்தை இல்லாட்டில் அங்கால பாறை.

சில்லைக் கழட்டினன். சில்லின்ர நடுவில இருக்கிற டிஸ்க் தட்டைத் தடவினால் விரல் வழுக்குது. எண்ணெய்! ரெண்டு சில்லிலயும் எண்ணெய். பிரேக் கட்டை அதைக் குடிச்சு ஊறிப்போய்க் கிடக்கு. இது தற்செயலா வாற வேலையே? ஆரோ இந்தப் பிள்ளையை விழுத்தப் பார்த்திருக்கிறாங்கள் என்று துள்ளினன். டிலானி தட்டைத் தடவின தன்ர விரலை மணந்துபோட்டு, அதையே பார்த்துக்கொண்டு நிண்டாள். வீட்டில கேட்டால் கிணத்தடியில வழுக்கினது என்று சொல்லப்போறன், நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ என்றாள். பயந்திட்டாள் என்று நினைச்சு நானும் ஓம் என்றன். ரிஸ்வான் பக்கத்தில நிண்டு எல்லாத்தையும் கேட்டுப்போட்டு மெல்லமாத் தொண்டையைச் செருமினார். "கோவிக்காதீங்க அண்ணன், ஆனா சைக்கிள் கடைசியா உங்கட கையிலதானே நிண்டது?"

மணந்து பார்த்த கதை

இருபது வருசமா இந்தத் தொழில் செய்யிற என்னைப் பார்த்து அப்பிடி ஒரு சொல்லு! சாப்பாடு இறங்கேல்லை. அண்டைக்கு மத்தியானமே ஹட்டன் ஆட்கள் தங்கியிருக்கிற வீட்டுக்குப் போனன். கும்பிடுமில்லை, வணக்கமுமில்லை, போத்தலை எடுங்கோ என்றன். குமார் உடனே எடுத்துத் தந்தார். மணந்து பார்த்தன். உண்மையாகவே சமையல் எண்ணெய்தான். சேறு ஒட்டாமல் இருக்க அடிப்பக்கத்துக்கு மட்டும் விசிறுறதாம். விசிற முதல் ரெண்டு டிஸ்க்கையும் ஷொப்பிங் பையால மூடிக் கட்டிப்போடுவினமாம். நான் அண்டைக்குப் போத்தலைத்தான் பார்த்தனான், பையைப் பார்க்கேல்லை. டிலானியின்ர டிஸ்க்கில எண்ணெய் கிடந்த கதையைச் சொன்னன். டிஸ்க்கில எண்ணெய் பட்டால் சாவுதான்னு எங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும், இதைச் செஞ்சவரு சைக்கிள்காரரா இருக்க மாட்டாரு என்றார் அவர்.

நான் கதிரையில பேயறைஞ்ச மாதிரி இருந்தன். என்ர கடையில அந்தச் சைக்கிளுக்கு ஏத்த பிரேக் கட்டை இல்லை, கொழும்பில இருந்து எடுப்பிக்கவும் நேரமில்லை. நான் வாய் திறந்து கேட்கவுமில்லை. மனுசன் எழும்பிப் போய்த் தன்ர பையில இருந்து ரெண்டு சோடி எடுத்து என்ர கையில வைச்சார். வெட்கத்தில எனக்குத் தலை நிமிரேல்லை. "வச்சுக்கோங்க அண்ணே, ஆனா உங்க புள்ள எங்க புள்ளய விட ஒரு செக்கனாவது பிந்தித்தான் வரணும்."

அந்தோனி அண்ணையின்ர எண்ணெய்

சைக்கிள்காரன் இல்லையென்றால் வேற ஆர்? சனிக்கிழமை விடிய இறங்குதுறைக்குப் போனன். வியாழன் பின்னேரம் டிலானியின்ர வீட்டுக்கு ஆர் ஆர் வந்தவை என்று தகப்பனிட்ட நைசா விசாரிக்கிறதுதான் திட்டம். பிள்ளை விழுந்த கதை வாயில வந்திடக்கூடாது. அந்தோனி அண்ணை எஞ்சின் ஒன்றுக்குப் பக்கத்தில குந்தியிருந்தார். நான் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டன். மனுசன் அங்க இங்க பார்த்தார், கையைத் துடைச்சார், குரலைக் குறைச்சார். ஒருத்தரும் வரேல்லை தம்பி, நான்தான் சைக்கிளை எடுத்தனான் என்றார். பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து, எஞ்சினுக்குப் பாவிக்கிற எண்ணெயைத் துணியில நனைச்சுத் தலையில இருந்து கால் வரைக்கும் பூசியிருக்கிறார். நடுவில ரெண்டு தட்டு வெறும் இரும்பாக் கிடந்ததாம், பார்க்கப் பாவமா இருந்ததாம், அதுக்கு மட்டும் ரெண்டு தரம்.

கோவிக்கவும் ஏலாது. இந்தத் துறையில மழைக்கு முதல் எண்ணெய் காணாத இரும்பு இல்லை. உப்புக் காத்தில கிடக்கிற நங்கூரம், பிணைச்சல், பூட்டு எல்லாத்துக்கும் அதுதான் மருந்து. அவருக்கு டிஸ்க் பிரேக் எங்க தெரியும்? முகத்தில அப்பிடி ஒரு சந்தோசம். பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, அப்பா மாறிட்டார் எண்டு துள்ளுவாள் என்று வேற சொல்லுறார். உண்மையைச் சொன்னால் இந்த மனுசன் அதிலயே இடிஞ்சு விழுந்திடும். சொல்லாட்டில் நான் பொய்யன். எண்ணெய் பூசுற யோசனை எப்பிடி வந்தது என்று மட்டும் கேட்டன். "நல்ல கேள்வி, மலைக்காரர் என்னவோ பூசுறாங்கள், எங்கட பிள்ளையளும் பூசாட்டில் தோல்விதான் எண்டு நீங்கள்தானே தம்பி கத்தினீங்கள்?"

ஞாயிற்றுக்கிழமை

சனி முழுக்க ஸ்பிரிட் போட்டு டிஸ்க்கைத் துடை துடை என்று துடைச்சு, குமார் தந்த கட்டையைப் பூட்டி, மழைக்குள்ள பத்துத் தரம் ஓடிப் பார்த்துத்தான் சைக்கிளைக் குடுத்தனான். எண்ணெய் எப்பிடி வந்தது என்று டிலானி கேட்கேல்லை. நானும் சொல்லேல்லை.

ஞாயிறு தூறல். தொடங்கிற இடத்தில நூறு பேர் நனைஞ்சுகொண்டு நிக்கினம். பார்த்தால், அந்தோனி அண்ணை சேத்துக்குள்ள சறுக்கிச் சறுக்கி ஏறி வாறார். ஒரு கையில பழைய துணி, மற்றக் கையில பால்மா டின். எண்ணெய்! ஓடினன். நான் போய்ச் சேர முதலே டிலானி, ஹட்டன் ஆட்களைப்போல, ரெண்டு டிஸ்க்கையும் ஷொப்பிங் பையால சுத்திக் கட்டிப்போட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நிண்டாள். அப்பா, செயினுக்கு மட்டும் பூசிவிடுங்கோ, உங்களைப்போல எனக்குப் பூச வராது என்றாள். மனுசன் சேத்தில முழங்கால் குத்தி இருந்து, ஒவ்வொரு கண்ணியாத் துடைச்சுத் துடைச்சுப் பூசினார். கிணத்தடியில வழுக்கினது என்று அவர் நம்பியிருந்த நாடி வெட்டுக்கு மேல அவள் தலைக்கவசத்தின்ர வாரை இறுக்கி வைச்சிருந்தாள். உனக்குத் தெரியுமோ என்று அவளின்ர காதுக்குள்ள கேட்டன். அவள் தகப்பனைப் பார்த்தபடியே சொன்னாள். "வெள்ளிக்கிழமை விரலை மணக்கேக்கையே தெரியும் மாமா, ரெண்டு வருசத்தில அப்பா என்ர சைக்கிளைத் தொட்டது இதுதான் முதல் தரம், தயவு செய்து சொல்லிப்போடாதேங்கோ."

டிலானி விழாமல் ஆறாவதாக வந்தாள், அது தன்ர எண்ணெயின்ர வேலைதான் என்று அந்தோனி அண்ணை துறை முழுக்கச் சொல்லித் திரியிறார், ஊரில ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்ட நான் அதுக்கு ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறன்.