முத்தம்மாவின் மிளகாய் நாற்று

போன வாரம் நேமத்தான்பட்டியில் அக்கா வீட்டில் இருந்தேன். அங்கே நடந்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதலாம் என்றுதான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன்... வரவில்லை.

மச்சான் இந்த வருஷம் உரக்கடைப் பக்கமே போகவில்லை. வைகாசியில் கண்டனூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைக் கல்யாணத்துக்குத் திறந்தார்கள். பந்தி இலை, மிச்சச் சோறு, ஊறுகாய்ச் சாடி கழுவிய தண்ணீர் — எல்லாவற்றையும் வண்டி கட்டி வந்து குழியில் கொட்டினார். சத்து மழையில் கரைந்துவிடக் கூடாதாம்; மேலே கீற்றுப் பந்தல் வேறு! குப்பை நன்றாக மக்கிவிட்டது. அதைச் சாக்கில் கட்டித் தொட்டியில் ஊறப்போட்டு, கலக்கி வடித்தால் எருத்தண்ணீர். பார்க்க டிகாஷன் மாதிரி. துர்நாற்றமே இல்லை.

மிளகாய் நாற்றுக்கு ஊற்றப் போனவரை மறித்தேன். பாட்டனி படித்த திமிர்!

"அதுக்குள்ள எங்க ஊத்தப் போறீக? பச்சப்பயற அதுல ஊறப்போட்டுப் பாப்போம். முளைச்சா ஊத்துங்க."

"காலேசுல பயறு ஊறப்போடத்தான் சொல்லிக் குடுத்தாகளா மாப்ளே?"

ஒரு கிண்ணத்தில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் எருத்தண்ணீர். இரண்டிலும் பயறு போட்டேன்.

அன்று சாயங்காலமே பக்கத்து வயல் முத்தம்மா குடத்தோடு வந்தார்.

"ஏத்தா வள்ளி, எம் நாத்து வெளுத்துக் கெடக்கு. அந்தத் தண்ணியில ஒரு கொடம் குடேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். கேட்டு வந்தவரிடம் 'டெஸ்ட் முடியவில்லை' என்றால் சாக்குச் சொல்வதாகத்தானே படும்? மொண்டு ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாளில் கிணற்றுத் தண்ணீர்ப் பயறு வால் விட்டது. மற்றது ஊதிப்போய்க் கிடந்தது... அவ்வளவுதான். எருத்தண்ணீரை நாக்கில் வைத்தேன். கரித்தது. கல்யாண வீட்டு உப்பு அத்தனையும் அதில்தான்!

ஓடிப்போய்ப் பார்த்தோம். முத்தம்மாவின் நாற்று துவண்டு, ஓரமெல்லாம் கருகி நின்றது. அந்த வீட்டுக்கு வருஷத்துக்கு இந்த ஒரு வெள்ளாமைதான்.

"கருகல் நோயின்டு நெனச்சுக்குவாக. பேசாம இரு," என்றார் மச்சான்.

"அந்தப் பாவத்த நான் எங்குட்டுப் போயிக் கரைக்க?"

அக்கா நேராக முத்தம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கத்தவில்லை.

"ஒன் நாத்துக்கு ஊத்துனியாத்தா?"

"இல்ல மதினி. பயறு முளைக்கட்டும்ன்டு தம்பிதான்..."

"அப்ப, எம் நாத்துதான் ஒங்களுக்குப் பயறா?"



மறுநாள் அக்கா தன் நாற்றில் சரிபாதியைப் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றினாள். மச்சான் தடுக்கவில்லை, அவரே தூக்கி வந்தார். முத்தம்மா வாங்கிக்கொண்டார். யார் போனாலும் மோர் கொடுக்காமல் அனுப்பாத வீடு அது. அன்று மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

அக்கா வயலில் பாதி இப்போது வெறும் தரை.

'இப்போ தர மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்வதும் ஓர் உதவிதான்... நம்மில் யாருக்கு அது வருகிறது?