ஒரு பிக்கப் வண்டிக்காக நான் எழுதிய சொல்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இங்கே பாரிஸில் ஓட்டுநர் உரிமத்தை 'பெர்மி' என்போம். அதன் எழுத்துத் தேர்வில் மூன்று முறை தோற்று, நான்காம் முறை போகாமலே விட்டவன் நான். ஆனால் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்துகொண்டு, அமெரிக்கர் செய்யும் அசுர வேக பிக்கப் வண்டிகளுக்காக என்னைப் போல் சண்டை பிடித்தவன் கிடையாது.

அப்போது உணவகச் சமையலறை ஒன்றில் வேலை. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முடியும், மாலை வேலை ஆறுக்குத்தான். அந்த இடைவெளியில் தேநீர்க் கடையில் கைபேசியோடு குந்திவிடுவேன். இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு இருந்தது. கனடா, லண்டன், சுவிஸ், பாரிஸ் என்று சிதறிக் கிடந்த பிக்கப் பிரியர்கள் எல்லோரும் தமிழர். பாதிப் பேர் அந்த வண்டியின் கதவைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

யாராவது ஒரு வெள்ளைக்காரன் வண்டியை ஓட்டிப் பார்த்து, பெற்றோல் குடிக்கிறது, வளைவில் தள்ளாடுகிறது என்று விமர்சனம் போட்டால் போதும். காசு வாங்கிவிட்டான், ஓட்டத் தெரியாதவன், பொறாமை பிடித்தவன் என்று வரிசையாக ஏறி விழுவோம். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம். அந்த இரும்பு எங்களுக்கு எப்படித் தசையானது என்று யாரும் கேட்கவில்லை. சமையலறையில் நாள் முழுக்க 'வுய் ஷெஃப்', அதாவது 'சரி முதலாளி', என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சில்லை. குழுவில் எதிர்த்துப் பேசலாம். அதோடு, 2009இல் ஊரில் போர் தோல்வியில் முடிந்த பிறகு எங்களில் பலருக்கு எதற்காவது கட்சி கட்டாமல் இருக்க முடியவில்லை. தோற்காத ஒன்று தேவைப்பட்டது, வண்டி கிடைத்தது.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். புறநகர் திரான்சியில் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், நான்கு வருடம் கிடந்தோம். காய்ச்சலில் நான் விழுந்தபோது வேலைக்கு லீவு போட்டுக் கஞ்சி வைத்துத் தந்தவன். பிறகு பக்கத்துப் பொண்டியில் ஒரு கராஜில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். அங்கே ஒரு வாடிக்கையாளர் தருவித்த பிக்கப் திருத்த வேலைக்கு வந்தது. அந்த வண்டிதான், நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே வண்டி. ஓட்டிப் பார்த்து ஒரு வீடியோ எடுத்துப் போடும்படி நச்சரித்தவன் நான்தான். பாரிஸிலிருந்து ஒரு விருந்து வருகிறது என்று குழுவில் ஒரு மாதமாகத் தம்பட்டம் அடித்தவனும் நான்தான்.

அவன் போட்டான். குரலை உயர்த்தாமல் பேசினான். எஞ்சினுக்கு நிகரில்லை என்றான். ஆனால் பின்பக்கம் பாரமில்லாவிட்டால் ஈரத் தெருவில் பின் ரயர் துள்ளுகிறது, நாலு தரம் அடித்துப் பிடித்தால் பிறேக் இளகிப்போகிறது, குடும்பக்காரர் வாங்க வேண்டாம் என்றான். ஒவ்வொன்றையும் ஓட்டியே காட்டினான்.

குழு கொதித்தது. உன்னுடைய ஆள்தானே, நீ என்ன சொல்கிறாய் என்று என்னைப் பிடித்தார்கள். அவன் மெக்கானிக், தெரிந்துதான் சொல்கிறான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, வீடியோவின் கீழே ஒரே ஒரு சொல் எழுதினேன்.

துரோகி.

எங்கள் ஊரில் இயக்கக்காரர் அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டி, ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். அவனுடைய அண்ணன் அப்படிச் செத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அவன் அதை என்னிடம் சொல்லியிருந்தான். வேறு யாரிடமும் சொல்லியதில்லை என்றும் சொன்னான். எழுதும்போது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நினைத்து எழுதியிருந்தாலாவது நான் கெட்டவன் என்று முடித்துவிடலாம். இது அதைவிடக் கேவலம்.

மற்றவர்களும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுடைய ஊர்க்காரர் ஒருவர், அண்ணனும் அப்படித்தான் போனவராம் என்று எழுதிச் சிரிப்புப் படமும் போட்டார். பின்னேரத்துக்குள் வீடியோவும் இல்லை, அவனும் குழுவில் இல்லை.

அடுத்த நாள், வேலை உடுப்போடு பொண்டியிலிருந்து தேநீர்க் கடைக்கு வந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பகிடிக்கு எழுதியது என்று தொடங்கினேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"வண்டியைப் பற்றி நான் சொன்னதிலை எது பிழை?" என்று கேட்டான்.

"ஒண்டும் பிழையில்லை."

"அப்ப ஏன்?"

நான் குனிந்து நிலத்தைப் பார்த்தேன்.

"அண்ணையைக் கொண்டுபோனவங்களிட்டை அம்மாவும் இதைத்தான் கேட்டவ. அவங்களும் உன்னை மாதிரித்தான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவங்கள்."

போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசியதில்லை. லா சப்பலுக்கு வருவதையும் விட்டுவிட்டான், சாமான் வாங்க வேறு புறநகரான சென் தெனிக்குப் போகிறானாம்.

அன்று அவன் தெருவைக் கடக்கும் முன்பே கைபேசியை எடுத்தேன், எழுதியதை அழிப்பதற்கு. வீடியோ முதல் நாளே போயிருந்தாலும், சொல் போகவில்லை. எவனோ முன்பே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, என் சொல்லை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் குழுவில் பதிந்திருந்தான். அதன் கீழே லைக்குகள் குவிந்து கிடந்தன. பதிந்தவனிடம் அதை எடுக்கச் சொல்லி எழுதினேன்தான். ஆனால் எழுதுவதற்கு முன் யார் யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கடைசிவரை பார்த்தேன். பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.